‘மன்னித்துவிடு’ என்பதற்கு முன்னால்: சொந்தங்கள் தந்த காயமும் வேதம் தரும் ஆறுதலும்

கேள்வி, பிப்ரவரி 2, மாலை

கூடப்பிறந்த அக்காவே என்னைப் பற்றி இல்லாததையும் பொல்லாததையும் சொல்லி வீட்டாரை எனக்கு எதிராகத் திருப்பிவிட்டார். எட்டு மாதமாகிறது. ஜெபிக்கிறேன், அழுகிறேன், ஆறுதல் வந்தபாடில்லை. "உண்மையாக மன்னித்திருந்தால் வலி போயிருக்கும், இன்னும் வலிக்கிறது என்றால் விசுவாசம் குறைவு" என்று ஜெபக் குழுவில் சொல்கிறார்கள். அப்படித்தானா?

பிப்ரவரி 2, இரவு 9.15

இல்லை, சகோதரி. அப்படி இல்லவே இல்லை.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை நாளை எழுதுகிறேன். இன்று இரவு வேதாகமத்தில் சங்கீதம் 55ஐ எடுத்து 12 முதல் 14 வரை சத்தமாக வாசியுங்கள். "என்னை நிந்தித்தவன் சத்துரு அல்ல, அப்படியிருந்தால் சகிப்பேன்" என்று தொடங்கும். சத்துரு என்றால் தாங்கியிருப்பேன், நீ என்பதால் தாங்க முடியவில்லை என்று கதறுகிற ஒருவனின் ஜெபம் அது. அந்த ஜெபம் வேதத்துக்குள் இருக்கிறது. அதை எழுதியவனுக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது பிரசங்கித்துக் கேட்டிருக்கிறீர்களா?

பிப்ரவரி 3, காலை 6.40

இதை நான் எந்த உரிமையில் எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்பா ஆறு ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். பார்த்துக்கொண்டது நான். இரவில் மூன்று முறை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், தவறினால் முதுகில் புண் வந்துவிடும். அவரை அடக்கம் செய்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் சொன்னார்: "அவள் சும்மாவா பார்த்தாள்? கணக்குப் போட்டுத்தான் பார்த்தாள்."

அந்த அறையில் ஒன்பது பேர் இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அத்தை தரையைப் பார்த்தார். யாரோ பேச்சை மாற்றினார்கள்.

என்னிடம் இருந்த வேதாகமம், சபையில் முழு உறுப்பினராகச் சேர்க்கும் திடப்படுத்தல் ஆராதனை எனக்கு நடந்த அன்று அண்ணன் வாங்கிக் கொடுத்தது. முதல் பக்கத்தில் நீல மையில், கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்த எழுத்தில், "அன்புத் தங்கைக்கு. கர்த்தர் உன்னோடிருப்பார். அண்ணன்" என்று எழுதியிருக்கும். 'அன்பு' என்ற சொல்லில் மை கொஞ்சம் ஊறிப் பரவியிருக்கும். ஆறுதல் தேடி அந்தப் புத்தகத்தைத் திறந்தால் அந்த எழுத்துதான் முதலில் கண்ணில் படும். மூன்று வாரம் திறக்கவே இல்லை. பிறகு ஒருநாள், நடுவில் பிடித்துத் திறந்தால் முதல் பக்கம் தெரியாது என்று கண்டுபிடித்தேன். நடுவில் பிடித்தால் சங்கீதம் வரும். நான் சங்கீதத்துக்குள் போனது அந்த வழியில்தான்.

பிப்ரவரி 3, மதியம்

ஒருவர் கேட்டிருக்கிறார்: கத்தோலிக்க வேதாகமத்தில் இது எங்கே இருக்கிறது என்று. நான் சங்கீதம் என்று எழுதுவதைத் திருப்பாடல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 55, 56, 88 எல்லாம் அதே எண்ணில்தான் இருக்கின்றன. சொற்கள் மாறும், அழுகை ஒன்றுதான்.

பிப்ரவரி 5, இரவு 10.30

"மன்னித்துவிடு, மறந்துவிடு" என்று வருகிற ஆறுதலைப் பற்றி.

அண்ணன் சொன்ன சொல்லைவிட, அதன்பின் என்னைத் தேற்ற வந்தவர்கள் சொன்னது எனக்கு அதிகம் வலித்தது. "கிறிஸ்து உன்னை மன்னிக்கவில்லையா?" என்று கேட்டார்கள். உண்மைதான். ஆனால் அதைச் சொன்னவர்களில் ஒருவர்கூட, "அவர் அப்படிச் சொன்னது தவறு" என்று முதலில் சொல்லவில்லை. காயத்தைப் பார்க்காமலே கட்டுப் போட வந்தார்கள்.

எல்லாவற்றையும் இழந்து துன்பத்தில் கிடந்த யோபுவிடம் அவர் நண்பர்கள் மூவரும் வந்து ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான். வாயைத் திறந்தபின்தான் கெடுத்தார்கள். 16ஆம் அதிகாரத்தில் யோபு பொறுக்க முடியாமல் சொல்கிறார்: "நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்."

தேற்றரவாளர் என்ற சொல்லைக் கவனியுங்கள். யோவான் 14:16ல் பரிசுத்த ஆவியானவரை இயேசு "வேறொரு தேற்றரவாளன்" என்று சொல்கிறார். நம் பழைய மொழிபெயர்ப்பில் இரண்டு இடத்திலும் ஒரே சொல். மூலத்தில் ஒன்று எபிரெயம், ஒன்று கிரேக்கம், இரண்டுக்கும் நேரான தொடர்பு இருப்பதாகச் சொல்ல வரவில்லை. ஆனால் தமிழில் வாசிக்கிற எனக்கு அந்த "வேறொரு" என்ற சொல் அன்றைக்கு ஒரு கதவைத் திறந்தது. அலட்டுகிற தேற்றரவாளர்களையே பார்த்துவிட்டு வந்தவளுக்கு வேறொருவர் இருக்கிறார் என்று வாக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. "என்றென்றைக்கும் உங்களுடனேகூட இருக்கும்படிக்கு" என்கிறது அந்த வசனம். முதலில் கூட இருக்கிறார். பேசுவது அதற்கு அப்புறம்தான்.

பிப்ரவரி 6, காலை

ஒரு சகோதரர் கேட்ட கேள்விக்குச் சுருக்கமாக. ஆம், இயேசுவும் சொந்தங்களால் காயப்பட்டவர்தான். "என் சிநேகிதரின் வீட்டிலே காயப்பட்டதினால் உண்டானவைகள்" என்று சகரியா 13:6ல் கைகளில் உள்ள வடுக்களைப் பற்றி வருகிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 7, இரவு

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும். சகரியா 13ஐ இரண்டாம் வசனத்திலிருந்து உட்கார்ந்து வாசித்தேன். அந்தப் பகுதி பொய்த் தீர்க்கதரிசிகளைப் பற்றியது. இனி தீர்க்கதரிசி என்று சொல்லிக்கொள்ள அவர்கள் வெட்கப்படுவார்கள், "நான் நிலத்தைப் பயிரிடுகிறவன்" என்பார்கள் என்று சொல்லி வந்து, அந்த வரிசையில்தான் வடுக்களைப் பற்றிய கேள்வி வருகிறது. அதைக் கிறிஸ்துவுக்குப் பொருத்திச் சிறு வயதிலிருந்தே கேட்டு வந்ததால் நானும் அப்படியே எழுதிவிட்டேன். சந்தர்ப்பத்தைப் பார்க்காமல் வசனத்தைப் பிடுங்கிக் கொடுத்துத்தானே நம்மை அலட்டினார்கள். அதையே நான் இன்னொருவருக்குச் செய்யக்கூடாது.

இயேசுவின் காயத்துக்கு அந்த வசனம் தேவையும் இல்லை. சுவிசேஷத்தில் நேராகவே இருக்கிறது. அவருடைய இனத்தார் அவர் மதிமயங்கியிருக்கிறார் என்று சொல்லி அவரைப் பிடித்துக்கொண்டுபோக வந்தார்கள் (மாற்கு 3:21). அவருடைய சகோதரரும் அவரை விசுவாசிக்கவில்லை (யோவான் 7:5). சிலுவையில் தொங்குகிற நேரத்தில் தாயை ஒரு சீஷனிடம் ஒப்படைக்கிறார். சகோதரர்கள் இருக்கையில் ஏன் சீஷனிடம்? எனக்கு அந்த இடத்தில் ஒரு வீட்டின் மௌனம் கேட்கிறது. இது என் வாசிப்பு, உபதேசமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிப்ரவரி 9, இரவு 11.00

இன்று கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். யோசேப்பைப் பற்றி.

"நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்ற ஆதியாகமம் 50:20ஐ எல்லோரும் என்னிடம் கொண்டுவந்தார்கள். அந்த வசனம் ஐம்பதாம் அதிகாரத்தில் இருக்கிறது. யோசேப்பைக் குழியில் போட்டது முப்பத்தேழாம் அதிகாரத்தில். இடையில் பன்னிரண்டு அதிகாரம். நமக்கு மட்டும் அதே வாரத்தில் 50:20ஐக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

நான் அந்த இடைப்பட்ட அதிகாரங்களை மெதுவாக வாசித்தேன். பதினேழு வயதுப் பையனை இருபது வெள்ளிக்காசுக்கு அண்ணன்மார் விற்கிறார்கள். 37ஆம் அதிகாரத்தில் அந்த நேரத்தில் அவன் குரலே கேட்காது. அங்கியைக் கழற்றினார்கள், தண்ணீரில்லாத குழியில் போட்டார்கள், சாப்பிட உட்கார்ந்தார்கள். அவன் அழுதானா, அலறினானா, ஒரு சொல் இல்லை.

ஐந்து அதிகாரம் தள்ளி, இருபது ஆண்டுக்கு மேல் கழித்து, 42:21ல் அந்தக் குரல் வெளியே வருகிறது. சொல்வது யார்? அந்த அண்ணன்மார்களேதான். அவன் கெஞ்சி வேண்டிக்கொண்டபோது அவன் மனவியாகுலத்தைக் கண்டும் செவிகொடுக்காமல் போனோமே என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். ஆக, அவன் கெஞ்சியிருக்கிறான். அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. கேட்டும் சாப்பிட்டிருக்கிறார்கள். இத்தனை ஆண்டும் அது அவர்களுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

எதிரே நிற்கிற எகிப்திய அதிகாரி யோசேப்புதான் என்றும், அவருக்குத் தங்கள் பாஷை தெரியும் என்றும் அவர்களுக்குத் தெரியாது, நடுவில் மொழிபெயர்த்துச் சொல்கிற துபாஷி வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். யோசேப்பு அதைக் கேட்டு, அவர்களை விட்டு அப்பாற்போய் அழுகிறார்.

அந்த வசனத்தை நான் கவனித்த இரவில் புத்தகத்தை மூடி மார்பில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். அண்ணன் தண்டிக்கப்பட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த அறையில் நடந்தது நடந்ததுதான் என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. யாரும் எழுதிவைக்காத அலறலைத் தேவன் தொலைத்துவிடவில்லை, அதைக் கேட்டவர்களின் வாயாலேயே வெளியே கொண்டுவந்தார். எனக்குக் கிடைத்த முதல் ஆறுதல் இது. மன்னிப்பு அப்போது என் கிட்டேகூட வரவில்லை.

இன்னொன்று. சிறையில் பானபாத்திரக்காரனிடம் தன் கதையைச் சொல்லும்போது, எபிரெயருடைய தேசத்திலிருந்து களவாய்க் கொண்டுவரப்பட்டேன் என்று மட்டும் யோசேப்பு சொல்கிறார் (40:15). யார் களவு செய்தார்கள் என்று சொல்லவில்லை. அண்ணன்மார் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. சொந்தங்களால் காயப்பட்டவர்களுக்கு இது புரியும். அந்நியர் செய்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்போம். கூடப்பிறந்தவர் என்றால் சொல்லவும் வாய் வராது, மறைக்கவும் நெஞ்சு தாங்காது.

யோசேப்பு ஆறு இடங்களில் அழுததாக எண்ணியிருக்கிறேன். அத்தனையும் அண்ணன்மாரை மறுபடி பார்த்தபின்தான். குழியிலும் சிறையிலும் அவர் அழுததாக ஒரு வரி இல்லை. எட்டு மாதமாக அழுகிறேன் என்று எழுதினீர்களே, சகோதரி. எகிப்தையே ஆண்ட யோசேப்பு இருபது ஆண்டு கழித்தும் அறைக்குள் போய் அழுதிருக்கிறார்.

பிப்ரவரி 10, காலை

ஆறு அல்ல, ஏழு. 46:29ஐ விட்டுவிட்டேன், தகப்பனைக் கண்டபோது அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் அழுகிறார். சுட்டிக்காட்டிய சகோதரிக்கு நன்றி. அந்த ஓர் அழுகை மட்டும் வேறு விதமானது என்று அவர் சொன்னதும் சரி.

பிப்ரவரி 12, இரவு

"ஏழெழுபதுதரம் மன்னிக்கச் சொல்லியிருக்கிறாரே, நீங்கள் மன்னிப்பைத் தள்ளிப்போடச் சொல்கிறீர்களா" என்று கேட்டவருக்கு.

இல்லை. மன்னிக்கத்தான் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை, அண்ணன் அந்தச் சொல்லைச் சொன்ன அன்றைக்கும் இருந்ததில்லை. ஆனால் மத்தேயு 18ல் அதைத் தொடர்ந்து வருகிற உவமையைப் பாருங்கள். முதல் வேலைக்காரன் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து, ஒருவன் பல பிறவி எடுத்தாலும் அடைக்க முடியாத தொகை. அவன் உடன்வேலைக்காரன் அவனுக்குப் பட்ட கடன் நூறு வெள்ளிப்பணம். பிரசங்கத்தில் இதை "அற்பத் தொகை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதே மத்தேயு 20:2ல் ஒரு நாள் கூலி ஒரு வெள்ளிப்பணம். அப்படியென்றால் நூறு நாள் கூலி. மூன்று மாதத்துக்கு மேல் உழைத்த உழைப்பு. கூலிக்காரனுக்கு அது அற்பமா?

இயேசு அந்தக் கடனைப் பூஜ்யமாக வைக்கவில்லை. மூன்று வெள்ளிப்பணம் என்றும் வைக்கவில்லை. வலிக்கிற தொகையாகத்தான் வைத்திருக்கிறார். உனக்கு ஒருவன் பட்டது உண்மையான கடன்தான், உன்னை நான் விடுவித்தது அதைவிட எவ்வளவோ பெரிது, அதனால் விடு என்கிறார். "அதெல்லாம் ஒன்றுமில்லை, விடு" என்று அவர் சொல்லவே இல்லை. ஒன்றுமில்லாததை மன்னிக்க முடியாது. தொகையை அறிந்தவனால்தான் அதைத் தள்ளுபடி செய்ய முடியும்.

அதே அதிகாரத்தில் 15ஆம் வசனம், உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால் அவனிடம் தனித்துப் போய் அந்தக் குற்றத்தை அவனுக்கு உணர்த்து என்கிறது. லூக்கா 17:3 கடிந்துகொள் என்றே சொல்கிறது. இவற்றையும் யாராவது காயப்பட்டவருக்குச் சொல்லட்டும்.

பிப்ரவரி 13, அதிகாலை 5.20

நேற்று ஒரு சகோதரி, பெயர் போடாமல், கணவர் அடிக்கிறார் என்றும், மன்னித்து அதே வீட்டில் இருப்பதுதான் சிலுவை என்று தனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். தூக்கம் வரவில்லை. அவருக்கு மட்டும்.

மன்னிப்பது வேறு, திரும்பிப் போவது வேறு. சவுல் தாவீதுக்கு மாமனார். தாவீது அவரைக் கொல்ல இரண்டு முறை வாய்ப்புக் கிடைத்தும் தொடவில்லை. இரண்டாம் முறை சவுல், "என் குமாரனாகிய தாவீதே, திரும்பி வா" என்று கூப்பிடுகிறார், தவறு செய்தேன் என்றும் சொல்கிறார். தாவீது போகவில்லை. ஈட்டியைத் திருப்பிக் கொடுத்தனுப்பிவிட்டுத் தன் வழியே போனார் (1 சாமுவேல் 26). பழி வாங்கவும் இல்லை, ஈட்டி எட்டும் தூரத்தில் போய் நிற்கவும் இல்லை.

பவுலைச் சாட்டையால் அடிக்கக் கட்டியபோது, நியாயம் விசாரிக்காமல் ரோமனை அடிக்கலாமா என்று கேட்டுத் தன்னைக் காத்துக்கொண்டார் (அப்போஸ்தலர் 22:25). சட்டத்தின் உதவியைக் கேட்பது விசுவாசக் குறைவு என்றால் பவுலுக்கும் அது பொருந்தும். பாதுகாப்பான ஓர் இடத்துக்கு முதலில் போங்கள், சகோதரி. உங்களை நம்புகிற ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். மன்னிப்பைப் பற்றிப் பிறகு பேசலாம். தேவன் காத்திருப்பார்.

பிப்ரவரி 16, இரவு

சங்கீதம் 56:8. "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும், அவைகள் உம்முடைய கணக்கில் அல்லவோ இருக்கிறது?"

சின்ன வயதில் துருத்தி என்றால் கொல்லன் உலையில் காற்றடிக்கிற துருத்தி என்று நினைத்திருந்தேன். கண்ணீரை அதற்குள் விட்டால் நெருப்பு அணைந்துவிடாதா என்று ஓய்வுநாள் பள்ளியில் கேட்டு, ஆசிரியை சிரித்துவிட்டார். அது தண்ணீர் எடுத்துச் செல்லும் தோற்பை. பயணம் போகிறவன் தோளில் போட்டுக்கொள்வது. தாவீது காத் ஊரில் பெலிஸ்தரிடம் அகப்பட்டபோது பாடியது என்று அந்தச் சங்கீதத்தின் தலைப்பு சொல்கிறது. ஓடிக்கொண்டே இருக்கிறவனுக்குத் தண்ணீரின் அருமை தெரியும். ஒரு சொட்டையும் சிந்தவிட மாட்டான். என் கண்ணீரை அப்படி வைத்துக்கொள்ளும் என்று கேட்கிறான்.

இதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது அடுத்த சொல். கணக்கு. "கணக்குப் போட்டுத்தான் பார்த்தாள்" என்று அண்ணன் சொன்னாரே, அதே சொல். ஓர் ஆண்டாக அந்தச் சொல் எங்கே காதில் விழுந்தாலும் உடம்பு சுருங்கும். அந்த இரவில் சங்கீதத்தில் அது என் முன்னால் வந்து நின்றது. கணக்கு இருக்கிறது, அதைப் போட்டது நானில்லை. இரவில் மூன்று முறை எழுந்ததை நான் குறித்துவைக்கவில்லை. குறித்துவைத்தவர் ஒருவர் இருக்கிறார். பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். அதற்குப் பிறகு அந்தச் சொல் என்னைக் குத்துவது நின்றது. ஒரேயடியாக என்று சொல்ல மாட்டேன். ஆனால் நின்றது.

பிப்ரவரி 17

ஓய்வுநாள் பள்ளி என்றதும் நினைவு வந்தது. மனப்பாட வசனம் சொல்லச் சொன்னால் அண்ணன் எல்லா வாரமும் "இயேசு கண்ணீர்விட்டார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். யோவான் 11:35, இரண்டே சொல். ஆசிரியை ஒருநாள் "வேறு வசனம் தெரியாதா?" என்று கேட்க, "இன்னும் இதே தீரவில்லை டீச்சர்" என்றார். வகுப்பே சிரித்தது. நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன், என் அண்ணன் என்ற பெருமையில்.

இதை எழுதும்போதும் சிரித்தேன். ஓர் ஆண்டாக அவரைப் பற்றிய நல்ல நினைவு ஒன்றையும் உள்ளே விடாமல் இருந்திருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

பிப்ரவரி 20, இரவு 10.10

நான் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. விட்டால் இவ்வளவு எழுதியதும் பாதி உண்மை ஆகிவிடும்.

அப்பா படுத்த நான்காம் ஆண்டில் அண்ணன் பார்க்க வந்திருந்தபோது, "ஆண்டுக்கு இரண்டு முறை வந்துவிட்டுப் போகிறவர்களுக்கு இங்கே என்ன தெரியும்" என்று அப்பாவின் முன்னாலேயே சொன்னேன். களைப்பில் சொன்னேன். அப்பாவுக்கு அப்போது பேச்சு வராது, ஆனால் காது கேட்கும். அண்ணன் பதில் சொல்லாமல் அப்பாவின் போர்வையைச் சரிசெய்துவிட்டு வெளியே போனார். அவர் சொன்னதற்கு இது நியாயம் ஆகாது, அவர் சொன்னது பொய். ஆனால் அவரிடமும் ஒரு காயம் இருந்திருக்கிறது, அதில் என் விரல் பட்டிருக்கிறது.

இது நினைவுக்கு வந்தது எப்போது என்பதுதான் எனக்கு முக்கியம். "நீயும் தவறு செய்திருப்பாய், யோசித்துப் பார்" என்று மற்றவர்கள் சொன்னபோது வரவில்லை. அப்போது கோபம்தான் வந்தது. என் கண்ணீர் கணக்கில் இருக்கிறது என்று நெஞ்சு நம்பிய பிறகு, தானாக வந்தது. கேட்கப்பட்ட பிறகுதான் என்னால் கேட்க முடிந்தது.

பேதுருவை இயேசு நடத்திய விதம் இங்கே உதவியது. சீஷனான பேதுரு, இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தது கரிநெருப்புப் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டு (யோவான் 18:18). உயிர்த்தெழுந்தபின் கரையிலே இயேசு அவருக்காக வைத்திருந்ததும் கரிநெருப்பு (21:9). புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் அந்தச் சொல் இந்த இரண்டு இடத்தில்தான் வருகிறதாம். அதே வாசனை, அதே அனல். சாப்பிட்டு முடித்தபின் மூன்று முறை கேட்கிறார், என்னை நேசிக்கிறாயா என்று. மூன்றாம் முறை பேதுரு துக்கப்பட்டார் என்று எழுதியிருக்கிறது.

இந்தப் பகுதியை எப்போதும் பேதுருவின் பக்கம் நின்றே கேட்டிருக்கிறேன். காயப்பட்டவர் இயேசு என்று நினைத்துப் பாருங்கள். அவர் நடந்ததை நடக்காததுபோல விட்டுவிடவில்லை. அந்த இடத்துக்கே பேதுருவைக் கூட்டிக்கொண்டு போகிறார். ஆனால் முதலில் குளிருக்கு நெருப்பு, பசிக்குச் சாப்பாடு. அந்த வரிசையில் போக எனக்கு இன்னும் பலம் வரவில்லை. பார்த்துவைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 21

"அப்படியானால் எல்லா உறவும் சரியாகிவிடும் என்கிறீர்களா?" இல்லை. ரோமர் 12:18 "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று தொடங்குகிறது. கூடாமலும் போகலாம் என்று பவுலுக்குத் தெரியும். 2 தீமோத்தேயு 4ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசியுங்கள். ஒருகாலத்தில் பாதியில் விட்டுப் போன மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். கன்னானாகிய அலெக்சந்தர் வெகு தீமை செய்தான், நீயும் அவனைக்குறித்து எச்சரிக்கையாயிரு என்கிறார். எல்லாரும் என்னைக் கைவிட்டார்கள், அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமராதிருப்பதாக என்கிறார். ஒரே கையெழுத்து, மூன்று விதமான உறவு. ஒன்று திரும்பி வந்தது, ஒன்று தூரத்திலேயே வைக்கப்பட்டது, ஒன்று விடப்பட்டது.

பிப்ரவரி 24, இரவு

ஆறுதல் வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சங்கீதம் 88 கடைசிவரை வெளிச்சத்துக்கு வருவதில்லை. சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர், எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று முடிந்துவிடுகிறது. ஸ்தோத்திரம் இல்லை, "ஆனாலும் நான் நம்புவேன்" இல்லை. இருந்தும் அந்த ஜெபம் நூற்றைம்பது சங்கீதங்களில் ஒன்றாக அங்கேயே இருக்கிறது. தொடக்கத்தில் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிட்டிருக்கிறான், அவ்வளவுதான் அவனிடம் இருந்தது. சில இரவுகளில் எனக்கும் அவ்வளவுதான் இருந்தது.

மார்ச் 2

மூன்று நாளுக்கு முன் அண்ணனிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. பதினான்கு மாதத்தில் முதல் முறை. "அப்பாவின் மூக்குக்கண்ணாடி உன்னிடம் இருக்கிறதா?" அவ்வளவுதான். மன்னிப்பு இல்லை, நலம் விசாரிப்பு இல்லை.

அன்று இரவு முதலில் கோபம்தான் வந்தது. கண்ணாடிதான் கண்ணில் தெரிகிறதா என்று எழுதி, அனுப்பாமல் அழித்தேன். காலையில், "இருக்கிறது, அண்ணா. எப்போது வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம்" என்று அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை. கண்ணாடியின் இடது காது வளைவில் அப்பா சுற்றி வைத்த வெள்ளை நூல் அழுக்கேறி இருந்தது. அதை மாற்றவில்லை. கண்ணாடியை மட்டும் துடைத்து உறையில் போட்டிருக்கிறேன்.

மார்ச் 5, இரவு 9.00

முதல் கேள்வி கேட்ட சகோதரிக்கு. சங்கீதம் 55ஐச் சத்தமாக வாசித்தேன், 14ஆம் வசனத்தில் குரல் அடைத்துப் போய் நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். "கூட்டத்தோடே தேவாலயத்துக்குப் போனோம்" என்கிற இடம். அக்காவும் நீங்களும் கைகோத்துப் போன நாட்கள் நினைவுக்கு வந்திருக்கும். நானும் அங்கேதான் நின்றேன், நான்கு மாதம். 15ஆம் வசனத்தில் தாவீது பயங்கரமாகச் சபிக்கிறார், அதைக் கண்டு பயப்பட வேண்டாம், அவர் அதைத் தன்னைக் காயப்படுத்தியவனிடம் போய்ச் சொல்லவில்லை, தேவனிடம் சொல்கிறார். 22ஆம் வசனத்தில் "கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு" என்று வரும். அது வரைக்கும் இந்த வாரமே போக வேண்டும் என்று இல்லை. எந்த வசனத்தில் நிற்கிறீர்களோ அங்கேயே இருந்து ஜெபியுங்கள். நானும் இன்று இரவு 14லிருந்து வாசிக்கிறேன்.